ருஷ்யாவை நான் தோற்கடித்தது

ருஷ்யாவை நான் ஒருமுறை தோற்கடித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. நெய்வேலி நகரியத்தில், எங்கள் பிளாக் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. செய்தித்தாளில் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வாரம் முழுக்க இதே பேச்சாக இருந்தது. நானும் வெகுகாலம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

எழுபதுகளின் முற்பகுதி அது. அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் டர்பைன் பிரிவில் வேலை. யந்திரங்கள் ருஷ்யாவிலிருந்து வந்தவை என்பதால் அவற்றுக்கு வைத்தியம் பார்க்க ருஷ்ய நிபுணர்களும் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூப்போட்ட கவுன் அணிந்த ருஷ்யப் பெண்கள் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்குவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். காய்க்காரிகள் அதற்குள் ருஷ்ய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லப் பழகியிருந்தார்கள். நாங்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள், பக்கத்து வீடு தென்காசி, எதிர்வீடு தஞ்சாவூர், பின்வீடு மலையாளம். எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால், ருஷ்யாவும் கொஞ்சம் தள்ளியிருக்கிற வெளியூர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில் அப்பாவுக்குத் தன் ருஷ்ய அதிகாரியைப் பலாப்பழம் கொடுத்து மரியாதை செய்ய ஆசை வந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் போய்ப் பெரிய பழமாக வாங்கி வந்து சைக்கிள் கேரியரில் கட்டினார். என் இடத்தைப் பழம் பிடித்துக்கொண்டதால் அம்மாவும் நானும் பின்னால் நடந்து போனோம். அதிகாரி வீட்டுக்குப் போனதும் ஆண்கள் இருவரும் பழத்தோடு மல்லுக்கு நின்றார்கள். முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பதைச் சைகையில் சொல்லத் தெரியாமல் அப்பா தவிக்க, அதிகாரியின் பத்து விரல்களும் பலாப் பாலில் ஒட்டிக்கொண்டுவிட்டன. அம்மா இந்தக் கூத்து எதையும் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் மேசைமேல் இருந்த சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குச் சதுரங்கம் தெரியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஊரில் அண்ணன்மாரோடு ஆடி அவர்களை அழவைத்தவளாம்; கல்யாணத்தோடு அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது. அதிகாரியின் மனைவிக்கு அம்மாவின் பார்வை புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பிற்பாடு எல்லோரும் ருஷ்யக்காரம்மா என்று அழைத்தது அவரைத்தான். நெடுநெடுவென்ற உயரம், காதுவரை வெட்டிய நரைத்த முடி. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

அம்மா கற்றிருந்தது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். ருஷ்யக்காரம்மா எடுத்த எடுப்பிலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும் அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதெல்லாம் ஆகாதுங்க. ஒண்ணுதான்," என்று சொல்லிச் சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தாள். அப்பா பலாச்சுளையும் கையுமாக நடுங்கிப்போனார். பெரிய அதிகாரியின் மனைவி கையைப் பிடித்து இழுத்தவள் அந்த நகரியத்தில் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ருஷ்யக்காரம்மா ஒரு கட்டத்துக்கே சம்மதித்து ஆடினார். ஆனால் நாட்டுச் சதுரங்கத்தில் ராஜா ஒரேயொரு தடவை குதிரையைப்போலத் தாவலாம் என்பதும் உண்டு. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் அம்மா தன் ராஜாவைக் குதிரைப் பாய்ச்சலாகப் பாயவிட்டதும் அவர் திகைத்துப்போய்ப் பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு மேசையைத் தட்டித் தட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ருஷ்யக்காரம்மா சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். கக்கத்தில் பலகை, கேரியரில் தலையணை மொத்தத்தில் புத்தகம். உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களும் அவர்கள் வாழ்க்கையும் அடங்கிய புத்தகம் அது. முழுக்க ருஷ்ய மொழி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பலகைப் படம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் புகைப்படம் இருந்தது. காய்களுக்கான எழுத்துகளை ருஷ்யக்காரம்மா காயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பத்தே நாளில் அம்மா அந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். சர்வதேச விதிகளும் அப்படியே வந்து சேர்ந்தன. ராஜாவின் குதிரைப் பாய்ச்சலை மட்டும் விட அம்மாவுக்கு மனசே வரவில்லை.

அதன் பிறகு அப்பாவுக்குப் பிற்பகல் ஷிப்டு வருகிற வாரங்களில் அவர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் ருஷ்யக்காரம்மாவின் சைக்கிள் மணி கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் சிலையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்தால் புத்தகம். அதில் உள்ளவர்களின் வாழ்க்கையை ருஷ்யக்காரம்மா எங்களுக்கு நடித்துக் காட்டுவார். தீவில் பிறந்தவர் என்பதற்கு எங்கள் தென்னை மரத்தைக் காட்டி, கைகளால் அலை போட்டுக் காட்டினார். பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எனக்குப் பிடித்தவர் சுருட்டுக்காரர். சுருட்டு பிடித்தபடி இருக்கும் அவர் தன் குதிரையைக் கொடுப்பார், யானையைக் கொடுப்பார், கடைசியில் ராணியையே தூக்கிக் கொடுத்துவிட்டு, எதிராளி வாய்பிளந்து நிற்கும்போது ராஜாவைப் பிடித்துவிடுவார். அம்மாவுக்குப் பிடித்தவர் கண்ணாடிக்காரர். இருந்த பட்டத்தை இழந்து, விரல்விட்டு எண்ணி எண்ணிப் பல வருடம் காத்திருந்து, மறுபடி அதை வாங்கிக்கொண்டவர். அவருடைய ஆட்டத்தில் ஒன்றுமே நடக்காது. காயை இங்கே வைப்பார், அங்கே வைப்பார், எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

இன்னொருவரும் இருந்தார். எல்லோரையும் ஜெயித்து உச்சிக்குப் போன கையோடு ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனவர். அவரை நடிக்கும்போது ருஷ்யக்காரம்மா ராஜாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசல் வழியே வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் அவர் திரும்பி வரக் காத்திருந்தோம். வரவே இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் முருங்கை மரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அன்று சாயங்காலம் முழுக்க அம்மா, "ஜெயிச்சுப்போட்டு எதுக்கு விட்டுட்டுப் போகோணும்?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். எனக்கும் அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

மறு வருடம் ருஷ்யர்களின் ஒப்பந்தம் முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். கடைசி நாளும் ருஷ்யக்காரம்மா வந்தார். பெட்டி கட்டுகிற நாளில் அவருக்கு எங்கிருந்து நேரம் கிடைத்ததோ, பலகையை விரித்து உட்கார்ந்துவிட்டார். ஆளுக்குப் பத்து நகர்வுகூட முடிந்திருக்காது, தெருமுனையில் கம்பெனி ஜீப் ஹார்ன் அடித்தது. அம்மா காய்களைக் கலைக்கக் கை நீட்டினாள். ருஷ்யக்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். என் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பலகையின் நெடுக்கும் குறுக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டுக் காட்டினார். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்பதற்கு நான்கு எண்கள். அவ்வளவுதான், மொழியே வேண்டாம். இன்னொரு தாளில் தன் விலாசத்தை எழுதினார். பலகையும் புத்தகமும் உனக்கே என்று தள்ளினார். ஜீப் மறுபடி ஹார்ன் அடித்ததும் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அம்மாவின் தலை அவருடைய நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்த ஆட்டம் தபாலில் நடந்தது. எங்கள் அட்டை போய்ச் சேர மூன்று வாரம், அவர்கள் அட்டை வந்து சேர மூன்று வாரம். ருஷ்யாவிலிருந்து வரும் அட்டையில் ஒரு பக்கம் பனி மூடிய ஆறோ பாலமோ இருக்கும். மறுபக்கம் நான்கே எண்கள். அட்டை வருகிற நாளில் எங்கள் வீட்டில் பணியாரம் உறுதி. அம்மா பாட்டு முணுமுணுப்பாள்; நான் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக்கூடச் சிரித்துக்கொண்டே பார்ப்பாள். பலகை அலமாரிக்கு மேலே, காய்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். துடைக்கும்போதுகூட ஒவ்வொரு காயாக எடுத்து அதே கட்டத்தில் வைப்பாள். அம்மாவுக்கு அந்தத் தெருவில் பேச ஆள் இல்லாமல் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், தண்ணீர், காய்கறி, பிள்ளைகள் என்று பேச்சுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பிற்பகல் ஷிப்டு வாரங்களில் அப்பா கிளம்பிய பிறகு அம்மா பாயை விரித்துப் படுக்காமல், வாசற்கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நிற்பாள். பிற்பகல் வெயிலில் அந்தத் தெருவில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

தபால்காரர் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருக்குத் தாங்க முடியாத சந்தேகம்.

"இன்னா பாப்பா, ருஷ்யாலேருந்து நம்பரா வந்துகினே கீது? எதுனா லாட்டரியா?" என்று கேட்பார். சதுரங்கம் என்று சொன்னேன். "அத்த இம்மாந்தூரத்துலேருந்தா ஆடுவாங்க? பக்கத்து வூட்ல ஆளில்லியா?" என்றார்.

அப்பாவும் மாதாமாதம் கேட்பார், "இன்னும் முடியலையா அந்த ஆட்டம்?"

"முடிஞ்சா அப்பறம் என்னங்க பண்றது?" என்பாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டுக் குளிக்கப் போவார்.

அட்டை வராத இடைவெளியில் அம்மாவும் நானும் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, பெயர் எழுதிய தாள் துண்டுகளைக் காய்களாக வைத்து, புத்தகத்தில் இருந்த ஆட்டங்களை நகர்வு நகர்வாக ஆடிப் பார்ப்போம். ஜெயித்தவரின் காய்களை அம்மா நகர்த்துவாள், தோற்றவர் பக்கம் எனக்கு. மாமேதைகளிடம் தினமும் தோற்றுக்கொண்டே இருந்ததில் எனக்கு ஆட்டம் வந்துவிட்டது, கூடவே ஆத்திரமும். சுருட்டுக்காரரிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான்: வெல்கிற வழி கண்ணில் பட்டுவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. கண்ணாடிக்காரரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்தேன். பொங்கல் விடுமுறையில் நாற்காலி போட்டு ஏறி அலமாரிக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது என் கண்ணில் பட்டது. எங்கள் ராணியைத் தூக்கி அவர்கள் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய்மேல் போட்டால், அந்த ராஜா ராணியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் யானை இறங்கும். இன்னும் ஒரு நகர்வு, அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. எத்தனை தடவை சரிபார்த்தாலும் தப்ப வழியே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. அசல் சுருட்டுக்காரர் ஆட்டம்! இதை அம்மா கண்டுபிடித்துவிட்டால் பெருமை அவளுக்குப் போய்விடுமே என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

நான் பயந்திருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு முன்பே வந்திருந்த அட்டைக்குப் பதில் எழுத அம்மா என்னைக் கூப்பிட்டாள். விலாசத்தின் ருஷ்ய எழுத்துகளைப் படம் வரைவதுபோல அழகாக வரைபவள் நான் என்பதால் அட்டை எழுதுவது எப்போதும் என் வேலை. அம்மா எண்களைச் சொல்வாள், நான் எழுதுவேன், பிறகு அவள் வாங்கிச் சரிபார்ப்பாள். அன்று காலை அப்பாவுக்கு ஷிப்டு பஸ் வந்துகொண்டிருந்தது, அடுப்பில் பால் பொங்கியது. அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்:

"எழுவத்தொண்ணு, எம்பத்தொண்ணு. எழுதிட்டயா கண்ணு?"

ராஜாவை மூலைக்கு நகர்த்துகிறாளாம்! வெற்றி வாசலில் நிற்கிறது, இவள் ராஜாவுக்கு வீடு மாற்றிக்கொண்டிருக்கிறாள். போன தடவையும் இப்படித்தான் எதற்கும் உதவாத நகர்வு. அதற்கு முந்தின தடவையும். இந்த அம்மாவுக்குக் கண்ணாடிக்காரர் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பேனா என் கையில் இருந்தது. 4387 என்று எழுதினேன்.

"எழுதிட்டேம்மா. போற வழியில போட்டுடறேன்."

"நல்லாப் பாத்து எழுதுனயா?"

"பாத்தேன்."

பால் வழிந்த சத்தம் கேட்டது. அம்மா வெளியே வரவில்லை. நான் ஓட்டமாக ஓடித் தபால் பெட்டியில் போட்டேன். பலகையில் அம்மா ராஜாவை மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்த ஒன்றரை மாதமும், அந்த மூலை ராஜா என்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

மாசி போய்ப் பங்குனி பிறந்திருந்தது, அட்டை வந்தது. முதல்முறையாக அதில் எண்ணே இல்லை. சாய்ந்து கிடக்கிற ராஜாவை மையால் வரைந்து, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தார் ருஷ்யக்காரம்மா. ராஜாவைச் சாய்த்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது புத்தகம் படித்த எனக்குத் தெரியாதா? "ஜெயிச்சுட்டோம்! ருஷ்யாவ ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திக்கொண்டே தெருவின் கோடி வரை ஓடினேன். தபால்காரரும் விஷயம் புரியாமலே என்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டு சைக்கிள் மணியை அடித்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா பலகையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன நம்பர் எழுதுன கண்ணு?"

திட்டு விழும் என்று பயந்தேன். ஆனால் ஜெயித்தவர்களை யார் திட்டுவார்கள்? "நாப்பத்திமூணு, எம்பத்தியேழு," என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அம்மா மூலையிலிருந்த ராஜாவைப் பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். ராணியை எடுத்து, நான் சொன்ன இடத்தில் வைத்தாள். பிறகு அவர்கள் ராஜா, எங்கள் யானை, அவர்கள் ராஜா, எங்கள் யானை என்று தயங்காமல், பழகின பாதையில் நடப்பவள்போல முடிவுவரை நகர்த்தினாள்.

"சரியாத்தான் பாத்திருக்கற," என்றாள். வெட்டுப்பட்ட ராணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கு இது தீபாவளிக்கே தெரியும் சாமி," என்றாள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தீபாவளிக்கே தெரிந்திருந்தால் தீபாவளிக்கே அடித்திருக்க மாட்டாளா? பெரியவர்கள் சின்னவர்களிடம் தோற்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் செய்தி கண்ட்ரோல் ரூம் வரைக்கும் போய்விட்டது. "என்ற சம்சாரம் ருஷ்யாவையே சாச்சுப்புட்டா," என்று மறுநாள் ஷிப்டு முழுக்கச் சொன்னாராம். நான் நம்பரை மாற்றிய கதையை அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அம்மாவுக்கு இந்தப் பெருமையாவது இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணினேன். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். தென்காசி அத்தை, "ஏ யம்மா, ருஷ்யாக்காரியவே தோக்கடிச்சிட்டியளாமே!" என்று அம்மாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் வந்து பலகையைச் சுற்றி நின்று, எந்த இடத்தில் ராணியைப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அம்மா காட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் முந்திரிப்பருப்பு வறுபட்ட நெய் வாசனை போகவே இல்லை. அந்த வாரம் முழுக்க அம்மா சாப்பிட்டு நான் பார்த்த ஞாபகம் இல்லை. கிண்டுகிறவர்களுக்குச் சாப்பிடப் பிடிக்காது என்று அப்பா சொன்னார்.

கூட்டம் அடங்கியதும் அம்மா காய்களைப் புதிதாக அடுக்கினாள். என்னைக் கூப்பிட்டு அட்டை எழுதச் சொன்னாள். 5254. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே. புது ஆட்டத்தின் முதல் நகர்வு. இந்தத் தடவை நான் எழுதியதை வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள். விலாசத்தையும் பழைய தாளோடு ஒப்பிட்டாள். தபால் பெட்டிவரை என்னோடு தானும் வந்தாள்.

பதில் வரவில்லை. கோடை விடுமுறை முடிந்தது. நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன். அட்டை வழியில் தொலைந்திருக்கும் என்று அதே 5254-ஐ மறுபடி எழுதினோம். ஆடி மாதக் காற்றில் சுரங்கத்துப் புழுதி தெருவெல்லாம் அடித்தது. மூன்றாவது அட்டையும் எழுதினோம்.

நான் வளர்ந்து, கல்லூரிக்காக ஆடி, கொஞ்சம் பெயரும் வாங்கிய பிறகு, அப்பா ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமான் கட்டும்போது அந்த அட்டைகள் நூல் சுற்றிய கட்டாகக் கிடைத்தன. ஜீப் வந்த நாளில் காய்கள் நின்ற நிலையையும் அதன் பிறகு அம்மாவின் நகர்வுகளையும் குறித்த என் பழைய நோட்டும் கூடவே இருந்தது. அம்மா அடுத்த அறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து தபால் ஆட்டம் முழுவதையும் அந்த நிலையிலிருந்து ஆடிப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து அம்மா மூன்று தடவை வெற்றியைத் தொட்டுவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறாள் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. தெரியாத இன்னொன்றும் தெரிந்தது. அதற்கும் முந்தின வருடம், எங்கள் யானை காவலே இல்லாமல் நடுப் பலகையில் நின்றிருக்கிறது. கையை நீட்டி எடுத்திருந்தால் ஆட்டம் அன்றே முடிந்திருக்கும். ருஷ்யக்காரம்மா ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தார். நான்கு நகர்வு கழித்து இன்னொரு தடவை அதேபோல வாய்ப்பு; அப்போதும் ஓரத்துச் சிப்பாய்தான்.

இருவரும் ஆட்டம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீ விட்டுக்கொடு, நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு வருடம். அட்டையில் என் எண்களைப் பார்த்த அன்று ருஷ்யக்காரம்மா என்ன நினைத்திருப்பார்? அவர்களுக்குள் இருந்த பாஷை அந்த நான்கு எண்கள் மட்டும்தான். அதில், என் அம்மா சொல்வதாக, போதும் என்று நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவரும் ராஜாவைச் சாய்த்து, பூவும் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு எழுதிய அட்டைகள் அவரிடம் போய்ச் சேர்ந்தனவா, வீடு மாறிவிட்டாரா, உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்ததா, எதுவும் தெரியாது. அட்டைக் கட்டை மறுபடி நூல் சுற்றி மூட்டையில் வைத்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு தவித்தது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே எழுந்து போய்க் கேட்க முடியவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, மூன்றாவது அட்டை போய் வெகுநாள் ஆனபின், மழை தொடங்கியிருந்த ஒரு பிற்பகல். பள்ளிக்கூடம் அரைநாள். அம்மா வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தபால்காரர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது, "இன்னிக்கும் இல்லம்மா," என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல நினைத்தேன்.

"விடும்மா. அவங்க தோத்துட்டாங்கல்ல, அதான் கோவம். தோக்கத் தெரியாதவங்கம்மா அவங்க."

அம்மா என் தலையில் கை வைத்தாள்.

"ஆமா கண்ணு. அப்படித்தான் இருக்கும்."

அம்மாவே ஒப்புக்கொண்டதில் எனக்கு நிம்மதி. புத்தகத்தில் இருந்த அத்தனை பேரும் எத்தனை தடவை தோற்று, எத்தனை தடவை மறுபடி ஆட வந்து உட்கார்ந்தவர்கள்! அவர்கள் கதையையெல்லாம் நடித்துக் காட்டிய ருஷ்யக்காரம்மா தான் மட்டும் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையே என்று அன்றைக்கு அவர்மேல் எனக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது.